வானூர்தித் தளம் மூடும் தேசமும் வண்டி எட்டாத லயங்களும்

நோயாளியைத் தேடி வானிலிருந்து வைத்தியர் இறங்கி வருவார் என்பது நமது தோட்டப்புற மக்களைப் பொறுத்தவரை கதைகளில் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்றாகும். கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் மேற்பிரிவுகளில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டால், அயல் லயத்து இளைஞர்கள் அவரைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வீதிக்கு இறங்குவதும், முச்சக்கரவண்டியோ தோட்ட லொறியோ கிடைக்குமா எனக் காத்திருப்பதும் இன்றும் மறைந்துவிடாத காட்சிகளாகும். இத்தகைய சூழலில் வாழும் மக்களுக்கு, எங்கோ ஒரு தேசத்தில் வானூர்தி நோயாளர் சேவைத் தளங்களை மூடுவது பற்றிய விவாதம் எவ்வகையில் பொருட்படுத்தத்தக்கது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அந்த விவாதத்தின் உள்ளே புகுந்து பார்த்தால், அது நமது லயங்களின் பிரச்சினையும்தான் என்பது புலப்படும்.

ஐக்கிய இராச்சியத்தின் ஓர் அங்கமான வேல்ஸ், மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த நாடாகும். அங்கு 2001ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாம் திகதி, மக்களின் நன்கொடையைக் கொண்டு வானூர்தி நோயாளர் சேவையொன்று ஆரம்பிக்கப்பட்டது. ஹெலிகொப்டர்களுக்கான செலவைத் தர்ம ஸ்தாபனம் ஏற்க, 2015ஆம் ஆண்டு முதல் விசேட வைத்திய நிபுணர்களையும் அவசர சிகிச்சையில் தேர்ந்த உத்தியோகத்தர்களையும் அரச சுகாதார சேவை வழங்கி வருகின்றது. கார்டிஃப், லனெத்லி, வெல்ஷ்பூல், கார்னாவொன் ஆகிய நான்கு இடங்களில் தளங்கள் அமைந்தன. இவற்றுள் வெல்ஷ்பூல் நாட்டின் நடுப்பகுதிக் கிராமங்களுக்கும், கார்னாவொன் வடமேற்கு மலைப்பகுதிக்கும் அண்மையில் உள்ளவை.

இவ்விரு தளங்களையும் மூடிவிட்டு வட வேல்ஸின் மத்தியில் பிரதான வீதியொன்றை அண்டி ஒரே தளத்தை அமைக்கும் யோசனை 2022இல் வெளிவந்தது. நீண்ட ஆலோசனைகளுக்குப் பின்னர், 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சுகாதார சேவையின் கூட்டுக் குழு அதற்கு அங்கீகாரம் வழங்கியது. கிராமப்புற மக்கள் திரண்டெழுந்து எதிர்த்தனர், நீதிமன்றத்தையும் நாடினர். 2025இல் அவர்களது மனு தள்ளுபடியாயிற்று.

இரு தரப்பினரது வாதங்களையும் நிதானமாக நோக்குதல் வேண்டும். சேவையை நடத்துவோர் கூறுவது இதுதான்: சில தளங்களில் உள்ள வைத்தியக் குழுக்கள் போதிய அழைப்பின்றி இருக்க, வேறிடங்களில் வரும் அழைப்புகளுக்குச் செல்ல ஆளில்லாத நிலை காணப்படுகின்றது. இருளிலும் மோசமான காலநிலையிலும் ஹெலிகொப்டர் பறக்க முடியாதபோது குழுவினர் துரித வாகனங்களில் வீதி வழியே செல்லவேண்டியுள்ளது. எனவே நல்ல வீதியருகே ஒன்றிணைந்த தளம் இருக்குமாயின், அதே பணத்தில், அதே ஆளணியில் கூடுதலான நோயாளரைச் சென்றடையலாம். கணக்கின்படி பார்த்தால் இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மக்களின் வாதமோ வேறு விதமானது. கூடுதல் நோயாளர் பயன்பெறுவர் என்பது நாட்டின் மொத்தக் கணக்கு. அந்த மொத்தத்தினுள் எந்தக் கிராமம் பயன்பெறுகின்றது, எந்தக் கிராமம் இழக்கின்றது என்பதை அது சொல்வதில்லை. சனநெருக்கம் மிகுந்த கரையோரத்திற்குச் சேவை நெருங்குமாயின் எண்ணிக்கை உயரத்தான் செய்யும். ஆனால் பெரிய வைத்தியசாலையிலிருந்து ஏற்கனவே வெகுதொலைவில் இருப்பவர் மேலும் தொலைவாகிவிடுவார். அத்துடன், தளங்கள் மூடப்படுவதற்கு ஈடாகக் கிராமப்புறங்களுக்கென வீதி வழியிலான விசேட அவசர சிகிச்சைச் சேவை ஒன்றும் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அந்த மாற்று ஏற்பாடு நடைமுறைக்கு வந்ததன் பின்னரே தளங்களை மூடவேண்டும் என்பது கிராம மக்களின் கோரிக்கையாயிற்று. நம்மைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் சாரம் இக்கோரிக்கையிலேயே அடங்கியுள்ளது.

வானூர்தி நோயாளர் சேவை என்பது வேகமான வாகனம் ஒன்று என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் பெறுமதி வேகத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பெரிய வைத்தியசாலையில் கிடைக்கும் வைத்தியரையும் மருந்தையும் நோயாளி கிடக்கும் இடத்திற்கே கொண்டு சேர்ப்பதே அதன் தலையாய பணியாகும். இச்சேவையின் முன்னோடியான அவுஸ்திரேலியப் பறக்கும் வைத்தியர் சேவை, ஜோன் ஃபிளின் என்ற மதகுருவின் முயற்சியால் 1928ஆம் ஆண்டு மே மாதம் குயின்ஸ்லாந்தின் குளொன்கரி என்ற சிற்றூரில் ஆரம்பமாயிற்று. ஆனால் விமானம் இருந்தும், பரந்த பாலை நிலத்தில் தனித்துக் கிடந்த பண்ணைகளில் இருந்தவர்கள் வைத்தியரை அழைப்பதற்கு வழியிருக்கவில்லை. காலால் மிதித்து மின்சாரம் பெறும் வானொலிக் கருவி 1929இல் உருவாக்கப்பட்டுப் பண்ணைகளுக்கு வழங்கப்பட்ட பின்னரே அச்சேவை முழுமை பெற்றது. அழைப்பை அனுப்பும் கருவியும், அழைப்பவரின் இருப்பிடத்தை அறியும் முறையும் இல்லாவிடின் விமானம் வெறும் இயந்திரமே என்பதை அந்த அனுபவம் உணர்த்தியது.

இனி நமது மண்ணுக்கு வருவோம். கேகாலையையும் கரவனெல்லையையும் இணைக்கும் வீதியில் அமைந்துள்ள புளத்கொகுபிட்டிய, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் உள்ளது. தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழையை நேராக ஏற்கும் பிரதேசம் இது. ஒரு திசையில் கேகாலை வைத்தியசாலை, மறு திசையில் கரவனெல்லை ஆதார வைத்தியசாலை. வரைபடத்தில் பார்த்தால் இரண்டுமே வெகுதொலைவில் இல்லை. ஆனால் வரைபடத்தின் தூரம் வேறு, நோயாளியின் தூரம் வேறு. தோட்டத்தின் உச்சிப் பிரிவிலிருந்து கற்பாதை வழியே பிரதான வீதிக்கு இறங்கும் முதல் சில கிலோமீற்றர்களே பெரும்பாலும் மிகுந்த நேரத்தை விழுங்குகின்றன. மழை நாட்களில் அப்பாதை வாய்க்காலாகிவிடுகின்றது.

2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதியை இப்பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. அன்று அயற்பிரதேசமான அரநாயக்கவில் மலையொன்று சரிந்து நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தும் காணாமற்போயும் இருந்த வேளையில், புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயக் குடியிருப்பின் மீது மண்மேடு சரிந்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி, கேகாலை உட்பட மலைநாட்டு மாவட்டங்களை மீண்டும் அதே துயரத்தினுள் தள்ளியது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்த அவ்வனர்த்தத்தில், வீதிகளும் பாலங்களும் அறுந்து கிராமங்கள் தனித்துப்போயின. இலங்கை விமானப்படையினதும் இந்தியாவினதும் ஹெலிகொப்டர்கள் பலரை மீட்டெடுத்தன. அதே நாட்களில், நவம்பர் 30ஆம் திகதி, நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த விமானப்படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர் ஒன்று லுணுவில பகுதியில் வீழ்ந்து அதன் விமானி உயிர்நீத்தார்.

வானூர்தி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை இச்சம்பவங்கள் தெளிவாக்குகின்றன. வீதி அறுந்தபோது அதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. ஆனால் எந்த மழை வீதியை அறுக்கின்றதோ, அதே மழையும் மூடுபனியுமே வானூர்தியையும் தரையில் கட்டிப்போடுகின்றன. சாதாரண நாட்களிலும், சரிவான தேயிலை மலையில் ஹெலிகொப்டர் இறங்குவதற்கு மின்கம்பியும் மரமும் அற்ற திறந்த சமதரை வேண்டும். தோட்டத்து விளையாட்டு மைதானம் ஒன்றே பெரும்பாலும் அத்தகைய இடமாக இருக்கும். அங்குவரை நோயாளியைத் தூக்கிச் செல்லத்தான் வேண்டும். இந்தியாவின் உத்தரகாண்ட் மாநிலத்தில் ரிஷிகேஷ் எயிம்ஸ் வைத்தியசாலையை மையமாகக் கொண்டு 2024 ஒக்டோபரில் ஆரம்பிக்கப்பட்ட இலவச ஹெலிகொப்டர் சேவையின் வானூர்தி, 2025 மே 17ஆம் திகதி நோயாளி ஒருவரை ஏற்றிவரக் கேதார்நாத் சென்றபோது இறங்குகையில் விபத்துக்குள்ளாகி அதன் வாற்பகுதி முறிந்தது. அதிலிருந்த மூவரும் தெய்வாதீனமாக உயிர்தப்பினர். மலைநாட்டில் வானூர்திச் சேவை எத்துணை அபாயகரமானது என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

எனவே காலத்தின் கணக்கை நோய்க்கு நோய் பிரித்துப் பார்ப்பது அவசியமாகின்றது. தோட்டத்தில் கொழுந்து பறிப்போர் அன்றாடம் அஞ்சும் ஆபத்து குளவிக் கொட்டாகும். கடும் ஒவ்வாமை ஏற்படுமாயின் பதினைந்து நிமிடமளவிலேயே இருதயம் நின்றுவிடக்கூடும். அதற்குரிய மருந்தான அட்ரினலின் ஊசி விலை குறைந்தது, பெருந்தொழில்நுட்பம் வேண்டாதது. அது மலையிலேயே, பயிற்சி பெற்றவரின் கையில் இருந்தாக வேண்டும். கேகாலையிலிருந்து வரும் வண்டியோ கொழும்பிலிருந்து வரும் ஹெலிகொப்டரோ அந்தப் பதினைந்து நிமிடத்திற்குள் வந்து சேராது. பிரசவத்தின் பின்னான கடும் இரத்தப்போக்கு இரண்டு மணித்தியாலங்களுக்குள் தாயின் உயிரைப் பறிக்கவல்லது. இங்கு குடும்ப நல உத்தியோகத்தரின் விழிப்பும், தடையின்றி ஓடும் வாகனமும், இரத்தம் ஏற்றும் வசதியுள்ள வைத்தியசாலையும் ஒரே சங்கிலியாக இணையவேண்டும். பக்கவாதத்திற்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலங்களுக்குள் ஏற்றவேண்டும்; அதற்கு முன் தலையை ஊடுகதிர்க் கணினிப் படம் பிடித்தாக வேண்டும். மண்சரிவில் நசுங்கியவருக்கும் தலையில் அடிபட்டவருக்குமே வானூர்தியும் சத்திரசிகிச்சை நிபுணரும் உயிர் காக்கும் துணையாவர்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகின்றது. உயிரைக் காப்பது ஏதேனும் ஒரு வாகனமன்று. லயத்து வாசலிலிருந்து சத்திரசிகிச்சைக் கூடம் வரை அறாது நீளும் சங்கிலியே உயிரைக் காக்கின்றது. அதன் எந்தக் கண்ணி அறுந்தாலும் எஞ்சிய கண்ணிகளால் பயனில்லை. வேல்ஸ் மக்கள் தமது சங்கிலியின் மிக உயர்ந்த கண்ணி கழற்றப்படுவதைக் கண்டு குரலெழுப்பினர். நமது தோட்டங்களிலோ அடியில் உள்ள கண்ணிகள் ஓசையின்றிக் கழன்றுகொண்டிருக்கின்றன.

பெருந்தோட்டச் சுகாதாரத்தின் வரலாறு இதற்குச் சாட்சியாகும். பிரித்தானியர் ஆட்சியில், 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் உள்ளிட்ட சட்டங்கள் தொழிலாளரின் வைத்தியத் தேவையைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கின. அதன் விளைவாகத் தோட்ட மருந்தகங்களும் சிறு வைத்தியசாலைகளும் பிரசவ அறைகளும் தோன்றின. அவற்றின் தரம் உயர்ந்ததாக இருந்ததென்று நாம் கூறமாட்டோம். 1970களில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதும், 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதும், தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் திட்டம் 1990களில் ஆரம்பமானதும் வரலாறு. ஆனால் அந்தப் பொறுப்பேற்பு முழுமையடையவில்லை. இதனால் கம்பனிக்கும் அரசுக்கும் இடையில், எவருக்கும் முழுப் பொறுப்பில்லாத ஓர் இடைவெளி உருவாயிற்று.

பிரசவங்கள் அரச வைத்தியசாலைகளுக்கு மாறியமை நன்மையான மாற்றமே. தாய் சேய் மரணங்கள் குறைந்தமைக்கு அதுவும் ஒரு காரணமாகும். எனினும் பிரசவ அறை மூடப்பட்ட தோட்டத்தில், அங்கிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் வாகனம் எது, இரவில் அதனைச் செலுத்துபவர் யார், எரிபொருளுக்கான பணம் எவருடையது என்ற கேள்விகளுக்கும் விடை இருந்திருக்க வேண்டும். விடை கிடைத்த தோட்டங்களும் உண்டு, கிடைக்காதவையும் உண்டு. ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளரின் இடம் நிரப்பப்படாமல் மருந்தகம் வாரத்தில் சில நாட்கள் மட்டுமே திறக்கப்படுவதும், பழுதடைந்த வாகனம் திருத்தப்படாமல் கொட்டகையில் கிடப்பதும் ஒருவகை மூடுவிழாக்களேயாகும். இவற்றுக்கு வர்த்தமானி அறிவித்தல் இல்லை, ஆலோசனைக் கூட்டமில்லை, நீதிமன்ற வழக்குமில்லை.

நம்பிக்கை தரும் ஓர் ஏற்பாடு நம்மிடம் உண்டு. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் ஆரம்பமாயிற்று. பின்னர் மேலும் 209 வண்டிகள் கிடைக்கப்பெற்று, சபரகமுவ உட்பட ஒன்பது மாகாணங்களுக்கும் விரிந்தது. 2018ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அதற்கெனத் தனி மன்றமும் நிறுவப்பட்டது. பணமின்றி, பரிந்துரையின்றி, ஓர் ஏழைத் தொழிலாளி நான்கு இலக்கங்களை அழுத்திப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தரை வரவழைக்க முடிவது இந்நாட்டின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு பெரும் சாதனை எனலாம். ஆனால் நன்கொடையாக வந்த வண்டிகளுக்கும் வயதுண்டு. அவற்றைப் புதுப்பிப்பதும், உதிரிப்பாகங்களும், ஆளணியும் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டியவை. 2022இன் பொருளாதார நெருக்கடி, எரிபொருள் இல்லாவிடின் எந்தச் சேவையும் ஸ்தம்பிக்கலாம் என்பதை அனைவருக்கும் உணர்த்தியது.

இச்சேவை தோட்டங்களை அடைவதில் இன்னுமொரு தடையுண்டு. அது முகவரியாகும். தோட்டத்திற்கு ஆவணங்களில் ஒரு பெயரும், தொழிலாளர் வாயில் தமிழ்ப் பெயர் ஒன்றும் வழங்குவது மலையகமெங்கும் உள்ள வழக்கம். வீதிப் பெயரோ வீட்டு இலக்கமோ இல்லாத லயங்களில், மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, ஸ்டோர் லயம், கோயில் லயம் என்று சொன்னால் உள்ளூரவருக்குப் புரியும். அழைப்பு நிலையத்தில் இருப்பவருக்குப் புரியாது. மிதி வானொலி கிடைக்கும் வரை அவுஸ்திரேலியப் பண்ணைகள் எந்நிலையில் இருந்தனவோ, அதற்கு ஒப்பான நிலையே இதுவும். கையில் தொலைபேசி இருந்தும் இருப்பிடத்தைச் சொல்ல இயலாதிருப்பது பெரும் பரிதாபமாகும்.

ஆகவே சம்பந்தப்பட்டோரின் கவனத்திற்குச் சில விடயங்களை முன்வைக்க விரும்புகின்றோம். முதலாவதாக, புளத்கொகுபிட்டிய பிரதேச செயலகப் பிரிவில் உள்ள ஒவ்வொரு தோட்டப் பிரிவினதும் லயத்தினதும் வழக்குப் பெயர்களைத் திரட்டி, வரைபடத்தில் குறித்து, அழைப்பு நிலையத்திற்கு வழங்குதல் வேண்டும். கிராம உத்தியோகத்தர்களும் தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் இணைந்தால் இதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. இரண்டாவதாக, அட்ரினலின் முதலான உயிர்காக்கும் மருந்துகளும் அவற்றை வழங்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் வேலை நேரம் முழுவதும் ஒவ்வொரு தோட்டத்திலும் இருப்பது உறுதிப்படுத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, அம்பியூலன்ஸ் வண்டி ஏறக்கூடிய இறுதி இடம் எது என்பது ஒவ்வொரு பிரிவிலும் அடையாளப்படுத்தப்பட்டு, அங்குவரை நோயாளியைக் கொண்டுவரக் கம்பளிக்குப் பதிலாக முறையான தூக்குப்படுக்கை வைக்கப்பட வேண்டும். நான்காவதாக, ஹெலிகொப்டர் இறங்கத்தக்க மைதானங்களை மழைக்காலத்திற்கு முன்னரே விமானப்படையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பரிசோதித்துப் பதிவு செய்தல் அவசியமாகும். சரிவு நிகழ்ந்த பின்னர் இடம் தேடுவது காலங்கடந்த செயலாகும்.

இவையனைத்திற்கும் மேலாக ஒரு நெறிமுறை வேண்டும். மருந்தகமோ, பிரசவ அறையோ, தோட்ட வாகனமோ, அம்பியூலன்ஸ் தரிப்பிடமோ, மக்கள் தங்கியிருக்கும் எந்தவோர் அவசர சேவையையும் நிறுத்துவதற்கு முன், அதற்கு மாற்றான ஏற்பாடு இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அம்மாற்று ஏற்பாட்டின் மூலம் மிகத் தொலைவான லயத்திலிருந்து வைத்தியசாலையை அடைய எத்தனை நிமிடமாகும் என்பது பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். சராசரிக் கணக்கு போதாது. கேகாலை நகரில் இருப்பவரின் பத்து நிமிடத்தையும் மலையுச்சியில் இருப்பவரின் தொண்ணூறு நிமிடத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் ஐம்பது நிமிடம் வரும். அந்த ஐம்பது நிமிடம் மலையுச்சியில் இருப்பவரைக் காப்பாற்றாது.

சேவைகளை ஒருபோதும் மாற்றக்கூடாது என்பது நமது வாதமன்று. வளங்கள் குறைந்த நாட்டில் எதனை எங்கே வைப்பது என்ற தெரிவு தவிர்க்க முடியாதது. அத்தெரிவைச் செய்வோர், இழப்பவர் யாரென்பதைப் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள். வேல்ஸ் கிராமத்தவர்கள் வழக்கில் தோற்றிருக்கலாம். ஆயினும் தம்மிடமிருந்து எது எடுக்கப்படுகின்றது, அதற்கு ஈடாக எது தரப்படும் என்ற கேள்வியை எல்லோரும் கேட்க நேர்ந்தது. நமது தோட்ட மக்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பாவது கிடைத்திருக்கின்றதா?

களுபஹனவில் மண்ணுள் புதைந்தவர்களை எந்த வானூர்தியும் மீட்டுத்தர முடியாது. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அதே மலைச்சரிவில் குளவி கொட்டி வீழும் பெண்ணையும், பிரசவ வேதனையில் துடிக்கும் தாயையும், நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும் முதியவரையும் காப்பதற்குத் தேவையானவை பெரும்பாலும் நமது கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று பிணைப்பதற்கு அடுத்த அனர்த்தம் வரை காத்திருக்கலாகாது.